வாய்தாவுக்கு வக்காலத்து

"சமரசம் என்பது கட்டப்பஞ்சாயத்துக்கு அரசாங்கம் குத்திய முத்திரை. ஏழைக்கு நியாயம் கோர்ட்டில் மட்டும்தான் கிடைக்கும்." கொல்லிமலையின் சோளக்காட்டுச் சந்தைக்கு வந்த வக்கீல் நண்பர் ஒருவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இப்படித் தீர்ப்பளித்துவிட்டுப் போனார். வாய்தா வாங்காமல் அவர் முடித்த வழக்கு இது ஒன்றாகத்தான் இருக்கும்.

நண்பர் காரில் வந்தார். சோளக்காட்டுக்காரர் நாமக்கல் நீதிமன்றத்துக்குப் போக 70 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். பொழுது சாயும்போது அதே 70ஐயும் ஏற வேண்டும். நடுவில் என்ன நடக்கும்? பெயரைக் கூப்பிடுவார்கள், அடுத்த தேதியைச் சொல்வார்கள். மிளகு பறிக்கிற மாதமென்றால் கூலியும் போச்சு, பழுத்தது கொடியிலிருந்து உதிர்ந்தும் போச்சு. எதிராளி வசதிக்காரர் என்றால் அவருக்கு வாதமே தேவையில்லை, வாய்தா போதும். பலவீனரைப் பலசாலி நசுக்குவார் என்று சமரச மேசையைப் பார்த்துப் பதறும் நண்பருக்கு இந்த நசுக்கல் மட்டும் கண்ணில் படவில்லை.

ஒரு பேச்சுக்கு, பங்கு பிரித்த காட்டின் வரப்பில் ஒரு பலா மரம் என்று வைத்துக்கொள்வோம். மரம் தம்பி பக்கம்; அதில் ஏறிய மிளகுக் கொடி அண்ணன் நட்டது. கோர்ட்டில் சர்வேயர் வருவார், கமிஷனர் வருவார், அறிக்கை வரும், அறிக்கைக்கு ஆட்சேபணை வரும். கடைசியில் மரம் யாருடையது என்று தெரியும். கொடி காய்க்கும் காலம்வரை மிளகு அண்ணனுக்கு, பலாப்பழம் தம்பிக்கு என்று அவர்களே பேசி எழுதிக்கொண்டால் உண்டு. முன்சீப் தானாக அப்படி எழுதமாட்டார், வழக்கில் கேட்காததைக் கொடுப்பது அவர் வேலையும் அல்ல.

கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அங்கே பாதியில் எழுந்து போனால் அபராதம், ஊர்விலக்கு. சமரசத்தில் பிடிக்கவில்லையா, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கே திரும்பலாம். உள்ளே பேசியதை வெளியே சாட்சியமாக்க முடியாது. சமரசர் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. இரண்டும் ஒன்று என்பவர் ஏதாவது ஒன்றையாவது கிட்டே போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

சமரசத்தில் ஏழையைத் தனியாக உட்கார வைத்து மிரட்டுவார்களாம். ஏன் தனியாக? 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆவது பிரிவு: பழங்குடியினருக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி. கொல்லிமலையின் மலையாளி மக்கள் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். வக்கீலுக்கு இது தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா? இரண்டில் எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடிதடியை, வன்கொடுமையை அமுக்க யாராவது சமரசம் என்று பாய் விரித்தால் நானும் நண்பர் பக்கம் நின்று கத்துவேன். அந்தக் குற்றங்களுக்குச் சமரச மேசை இடமில்லை.

வேடிக்கை என்னவென்றால், உண்மையான ஓட்டை ஒன்று இருக்கிறது, அதை அவர் தொடவே இல்லை. 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் ஊர்ச் சண்டைகளுக்கு மூன்று பேர் கொண்ட குழுவைச் சொல்கிறது. ஆனால் அங்கே எழுதிய ஒப்பந்தத்துக்குக் கோர்ட் டிக்ரியின் பலம் கிடையாது. நாளை ஒருவர் மீறினால் காகிதம்தான் மிச்சம். லோக் அதாலத்தில் முடித்தால் அது டிக்ரி, அப்பீலும் இல்லை. ஆகவே மலைக்காரர் எந்த வாசலில் நுழைவது என்று கேட்டிருந்தால் அது கேள்வி. சட்டத்தைப் புரட்டாமல் கோஷம் போட்டால் இப்படித்தான் கைக்கு எட்டிய ஆயுதம் நழுவும்.

இத்தனைக்கும் சிவில் நடைமுறைச் சட்டத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது நம் பக்கத்துச் சேலம் வழக்கறிஞர் சங்கம்தான். 2002இல் திருத்தங்கள் செல்லும் என்றாயிற்று. 2005இல் 89ஆவது பிரிவின் சமரசத்துக்கு மாதிரி விதிகள் பிறந்ததும் அந்த வழக்கில்தான். அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் திறந்தார்கள். இருபது வருஷம் பழைய சங்கதியைத்தான் நண்பர் புதுச் சதி என்று சோளக்காட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார்.

அடுத்த சந்தைக்கும் வரட்டும். காரை அடிவாரக் காரவள்ளியில் நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் ஏறி வரட்டும்.