கஞ்சியும் நன்றியும்



2009இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் நீருமாகக் காய்ச்சிய கஞ்சியே பலரின் உயிரைக் காத்தது. இறுதிவரை அம்மக்களோடு இருந்த அருட்தந்தை மரியாம்பிள்ளை சரத்ஜீவன் மே 18 அன்று உயிர்நீத்தார்.

எல்லாச் சூழலிலும் நன்றி கூறுமாறு தெசலோனிக்கேயருக்குப் பணித்தார் புனித பவுல். இழப்புக்காக அன்று, இழப்பின் நடுவிலும் நம்மைக் கைவிடாதவருக்கே அந்த நன்றி உரியது. அது உதட்டோடு நின்றுவிடலாகாது.

காணாமலாக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே எனக் கேட்டு, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரம் அமர்ந்த பெற்றோரில் பலர் விடை காணாமலே மறைந்துவிட்டனர். எஞ்சியோரின் வாசலுக்கு நாம் சென்றோமா? அவர்கள் உண்டார்களா எனக் கேட்டோமா?

மே மாதத்தில் நாம் சிரட்டையில் ஏந்தும் கஞ்சி, அயலவரின் பசியை உணர்த்தாவிடில் வெறும் சடங்கே. பகிரும் கரங்களை ஆண்டவர் நமக்கு அருள்வாராக.