ஸ்பைடர்மேன் பழனி மலை ஏறினால் யாருக்கு என்ன நட்டம்?



நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளுங்கள். பாதி படித்துவிட்டுக் கைகூப்பும் பொம்மையை அனுப்பித் தப்பிக்க வேண்டாம்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு படக்கதை வந்தது. என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் மகள் வரைந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். நாலே பக்கம்தான். ஸ்பைடர்மேன் பழனிக்கு வருகிறான். விஞ்ச் பாதி வழியில் நின்றுவிடுகிறது. உள்ளே பாட்டிமார்கள் "முருகா முருகா" என்கிறார்கள். இவன் நூலை வீசி வண்டியை மேலே இழுக்கிறான். கோயில் மலை என்பதால் காலில் ஒன்றும் போடவில்லை. மத்தியான வெயிலில் படி சுடுகிறது; துள்ளித் துள்ளி ஏறுகிறான். முகங்களில் ஜப்பான் படக்கதைபோலப் பெரிய பெரிய கண்கள்.

ஒரு போட்டிக்கு அனுப்பியிருக்கிறார்கள். "சொந்தக் கற்பனை இல்லை" என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். அது போகட்டும். அதற்குக் கீழே நம் பெரியவர்கள் போட்ட கருத்துகள்தான் என்னை எழுத வைத்தன. "எல்லாம் காப்பி." "அமெரிக்காக்காரன் பொம்மை, ஜப்பான்காரன் கண்ணு, இதுல நம்மது என்ன இருக்கு?" "இந்த நேரத்துக்கு நாலு கணக்குப் போட்டிருக்கலாம்."

நம்மது என்ன இருக்கு என்று கேட்ட மாமாவுக்கு முதல் பதில்: அந்தச் சுடுகிற கால். நியூயார்க்கில் உட்கார்ந்து வரைகிறவனுக்கு அது தோன்றாது. வெயிலில் யானைப்பாதையில் வெறுங்காலோடு நடந்த பிள்ளைக்குத்தான் தோன்றும்.

இரண்டாவது பதில் கொஞ்சம் நீளம். ஜப்பான்காரனை இழுத்தீர்களே, அவன் என்ன செய்தான் என்று பார்ப்போம்.

1966இல் அமெரிக்காவில் பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் சக்கைப்போடு போட்டது. அதே வருடம் ஜப்பானில் ஒரு சிறுவர் பத்திரிகை உரிய அனுமதி பெற்று, ஜிரோ குவாட்டா என்ற ஓவியரிடம் பேட்மேனைக் கொடுத்தது. அவர் அமெரிக்கக் கதைகளை எடுத்துக்கொண்டு, தம் நாட்டுப் பிள்ளைகளுக்குப் பிடித்த வேகத்தில், தம் கோட்டில், புதிதாக வரைந்தார். அதில் ஒரு வில்லன், எலும்புக்கூடு வேடம் போட்டவன், செத்துச் செத்துப் பிழைப்பவன். அமெரிக்க மூலத்தில் ஒரே ஓர் இதழில் வந்து மறக்கப்பட்டவன். குவாட்டா வரைந்த அந்தப் பக்கங்கள் 2008இல் அமெரிக்காவில் புத்தகமாக வந்தபோது ஆட்கள் வியந்துபோனார்கள். கொஞ்ச நாளில் அந்த வில்லன் அமெரிக்க பேட்மேன் கதைக்கே திரும்பி வந்துவிட்டான்.

1970இல் ஸ்பைடர்மேன் ஜப்பானுக்குப் போனான். ரியோய்ச்சி இக்கேகாமி வரைந்தார். பீட்டர் பார்க்கர் அங்கே கொமோரி யூ என்ற டோக்கியோ பள்ளி மாணவன் ஆனான். பெயரை மட்டும் மாற்றி நிறுத்தவில்லை. போகப் போக அமெரிக்கக் கதையையே விட்டு விலகி, அந்த ஊர்ப் பையனின் தனிமை, பயம், குற்ற உணர்ச்சி என்று கதை இருண்டுகொண்டே போனது. அந்த ஓவியர் பின்னாளில் ஜப்பானின் பெரிய படக்கதை ஓவியர்களில் ஒருவர் ஆனார். அடுத்தவன் கதாநாயகனை வரைந்ததால் அவர் கை கெட்டுப்போகவில்லை.

1978இல் டோயி நிறுவனம் ஸ்பைடர்மேனைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தது. அங்கே பிள்ளைகளுக்கு ராட்சத ரோபோ என்றால் உயிர். கொடு ஸ்பைடர்மேனுக்கு ஒரு ரோபோ என்று கொடுத்துவிட்டார்கள்! அது பிடித்துப்போகவே, அடுத்த வருடம் முதல் தங்கள் சொந்த வீரர் குழுத் தொடர்களிலும் ரோபோவைச் சேர்த்தார்கள். அந்தத் தொடர் வரிசையை 1993இல் அமெரிக்கா வாங்கிப் 'பவர் ரேஞ்சர்ஸ்' என்று காட்டியது. உங்களில் சிலர் அதைப் பார்ப்பதற்காகவே வீட்டுப்பாடத்தை விட்டவர்கள். வாங்கிய கடனை அவர்கள் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

2021இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சூப்பர்மேன் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஜப்பானுக்குப் பறந்து வந்து, அங்குள்ள சாதாரண உணவகங்களில் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். அவ்வளவுதான் கதை. அதைப் பெரிய பதிப்பகம் தொடராகவே போட்டது. நம் பிள்ளை ஒருத்தி சூப்பர்மேன் பழனி பேருந்து நிலையத்தில் புரோட்டா சாப்பிடுவதாக வரைந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? நாலு கணக்குப் போடு!

இப்போது நம் கதைக்கு வருகிறேன். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் இதழே இரும்புக்கை மாயாவி. மூலம் இங்கிலாந்து வாரப் பத்திரிகை, வரைந்தவர் ஸ்பெயின்காரர். 1984இல் லயன் காமிக்ஸ். அதே வருடம் ராணி காமிக்ஸ். உங்களில் பலர் மாயாவியைப் புவியியல் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தவர்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்த மொழிபெயர்ப்புகளை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். சிறு பதிப்பகங்கள், கைக்காசைப் போட்டு, ஒரு தலைமுறைக்கே வாசிக்கும் பழக்கத்தைக் கொடுத்தன. ஆனால் மாயாவி தமிழ் பேசினானே தவிர, அவனை நம் ஓவியர் கையில் கொடுத்து, நம் சந்தையில் நடக்கவிட்டு, நம் மின்கம்பத்தில் கை வைக்கச் சொல்லும் வழக்கம் இங்கே உருவாகவில்லை. வாண்டுமாமா எழுத, ஓவியர் செல்லம் வரைய நல்ல தமிழ்ப் படக்கதைகள் வந்தன. அந்த வரிசையும் பெரிதாக நீளவில்லை. ஐம்பது வருடத்தில் லட்சக்கணக்கில் வாசகர்களை வளர்த்தோம், படக்கதை வரைந்து பிழைக்கக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணும்படி வைத்திருக்கிறோம். பிள்ளைகள் வரையாமலா போனார்கள்? வரைந்ததையெல்லாம் காப்பி, காப்பி என்று சொல்லி நோட்டை மூடவைத்தோம்.

மூன்றாவது பதில், தமிழ் வாத்தியார் என்ற முறையில். தினமும் காலையில் பள்ளியில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடினீர்களே, அது எங்கிருந்து வந்தது? பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம் நாடகத்தின் பாயிரத்திலிருந்து. அந்த நாடகத்துக்குக் கதை எங்கிருந்து வந்தது? லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கதையிலிருந்து. சுந்தரம் பிள்ளை அதை எடுத்துப் பாண்டிய நாட்டில் வைத்தார், சீவக மன்னனையும் குடிலனையும் உண்டாக்கினார், தத்துவத்தைச் சேர்த்தார். எந்தப் புலவராவது இன்று அதைக் காப்பி என்பாரா? அவர் தழுவி எழுதினால் இலக்கியம், ஏழாம் வகுப்புப் பிள்ளை தழுவி வரைந்தால் காப்பியா?

பண்பாடு போய்விடும் என்பவர்களுக்கு நம் ஊர் உதாரணமே போதும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு 2019இல் கிடைத்தது. விருப்பாச்சி வாழைப்பழம் நம் மலையில் விளைவது. அதோடு சேர்கிற பேரீச்சம்பழம் எந்த ஊர்? பாலசமுத்திரத்தில் விளைகிறதா? அரபு நாட்டுப் பழம் கலந்ததென்று யாராவது பிரசாதத்தைத் திருப்பிக் கொடுத்ததுண்டா?

இதற்காக எதை வரைந்தாலும் கைதட்டு என்று நான் சொல்லவில்லை. 2004இல் இந்திய ஸ்பைடர்மேன் என்று ஒன்று வந்தது. பீட்டர் பார்க்கர் பவித்ர் பிரபாகர் ஆனான், மேரி ஜேன் மீரா ஜெயின் ஆனாள், நியூயார்க் மும்பை ஆனது, வேட்டியும் கட்டிவிட்டார்கள். நாலு இதழோடு நின்றது. பெயரையும் உடையையும் மாற்றிவிட்டுப் பழைய எலும்பை அப்படியே வைத்திருந்தார்கள். மூலத்தில் கை வைப்பதே பாவம் என்கிற காமிக்ஸ் ரசிகர்களுக்கும் இதையே சொல்வேன்: கை வைத்தது தவறில்லை, போதுமான அளவு கை வைக்காததுதான் தவறு.

விற்பதாக இருந்தால் உரிமையாளரிடம் முறையாக அனுமதி வாங்க வேண்டும். ஜப்பான்காரர்களும் வாங்கித்தான் செய்தார்கள். நோட்டில் வரைகிற பிள்ளைக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, உங்களுடையதும் என்னுடையதும் உட்பட.

அவள் அம்மா நேற்றுப் போனில் சொன்னாள்: "இனிமே வரைய மாட்டேன்னு வண்ணப் பெட்டியைத் தம்பிகிட்டக் குடுத்துட்டா சார்." பன்னிரண்டு வயதில் விட்ட கை பிறகு திரும்புவது கடினம். முப்பத்து நாலு வருடம் வகுப்பில் நின்றவன் சொல்கிறேன், நம்புங்கள்.

ஆகவே பெற்றோராக, ஆசிரியராக, நடுவராக இருக்கும் என் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளை ஒரு படத்தைக் கொண்டுவந்தால் "இது உன் சொந்தமா?" என்று கேட்காதீர்கள். "எதை மாற்றினாய்? ஏன் மாற்றினாய்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது காப்பி, இன்னொரு முறை வரையச் சொல்லுங்கள். பதில் இருந்தால் அடுத்த பக்கம் எப்போது வரும் என்று கேளுங்கள்.

கருத்துப் பெட்டியில் என்னைத் திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம். அதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் ஸ்பைடர்மேனை உங்கள் தெருவில் நிறுத்தி வரைந்து அனுப்புங்கள். எது சுலபம் என்று அப்போது தெரியும்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா,
பாலசமுத்திரம்.