தினமும் எழுதுவதா, தினமும் கேட்பதா?

கோவை வட்டாரத்துப் பம்ப் கம்பெனிகளில் சில ஆண்டுகளாக ஒரு அறிவுரை சுற்றி வருகிறது: "தினமும் எதையாவது எழுதிப் போடுங்கள். டீலர் கண்ணில் பட்டுக்கொண்டே இருங்கள். எழுதிக்கொண்டே இருந்தால் தரம் தன்னால் வரும்." ஜவுளி, மருந்து, வங்கி, மென்பொருள் என்று எந்தத் துறைக்காரரிடம் பேசினாலும் இதையே சொல்கிறார்கள். இதை நம்பி நல்ல உழைப்பாளிகள் பலர் ஆறு மாதம் மூச்சு முட்ட எழுதுகிறார்கள். பிறகு சொல்ல ஒன்றும் இல்லாமல் போய், எழுதுவதையே விட்டுவிடுகிறார்கள். அந்த இழப்பைப் பார்த்துத்தான் இந்த மறுப்பை எழுதுகிறேன்.

டீலர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் போகும் மாத மடல் ஒன்றை எழுதுவது என் வேலை. தொழில் செய்பவர்களுக்காக எழுதுகிறவனுக்குத் தொடர்ச்சி கட்டாயம் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தத் தொடர்ச்சி எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் வேறுபடுகிறேன். தினமும் செய்ய வேண்டியது கேட்பதும் குறித்து வைப்பதும் சரிபார்ப்பதும்தான். வெளியிடுவது அதற்குப் பிறகு, விஷயம் பழுத்தபின் நடக்க வேண்டியது. எதிர்த்தரப்பு சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

"அடிக்கடி வராவிட்டால் மறந்துவிடுவார்கள்"

பொள்ளாச்சி மாட்டுச் சந்தை செவ்வாயும் வியாழனும் கூடும். மற்ற ஐந்து நாள் கூடவில்லை என்பதற்காக எந்த வியாபாரியும் அதை மறந்ததில்லை. சொன்ன நாளில் கூடும், போனால் மாடு இருக்கும் என்ற நம்பிக்கைதான் அவரை லாரி ஏற்றி அனுப்புகிறது.

எழுத்திலும் அப்படித்தான். பெர்க்‌ஷயர் ஹாத்தவே நிறுவனம் 1965இல் வாரன் பஃபெட்டின் கைக்கு வந்தது. பங்குதாரர்களுக்கு அவர் எழுதிய நீண்ட ஆண்டுக் கடிதம் வருடத்துக்கு ஒன்றுதான். முதலீட்டு உலகமே அந்த ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்து படித்தது. அமெரிக்க டிராக்டர் நிறுவனமான ஜான் டீர், விவசாயிகளுக்காக 'தி ஃபர்ரோ' என்ற இதழை 1895இல் தொடங்கியது. 'ஃபர்ரோ' என்றால் உழவுசால். அந்த இதழ் இன்றும் வருகிறது. அதில் முன்னால் நிற்பவை மண்ணும் பயிரும் விவசாயக் குடும்பங்களும். டிராக்டர் பின்னால்தான் வரும். 130 ஆண்டுகளாக ஒரு இதழ் உயிரோடு இருப்பதற்குக் காரணம், படிப்பவருக்கு அதனால் வயலில் பயன் இருப்பதுதான்.

குறித்த நாளில் வருவது வேறு, அடிக்கடி வருவது வேறு. முதலாவதைக் கைவிட்டால் வாசகருக்கு உங்கள்மேல் உள்ள நம்பிக்கை குறையும். இரண்டாவதைக் கைவிட்டால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எங்கள் மடல் மாதத்தின் முதல் வாரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு மாதம் தாமதமானால் நாலைந்து டீலர்களாவது கூப்பிட்டுக் கேட்பார்கள். கம்பெனிகள் அனுப்பும் தினசரி வாழ்த்துப் படம் நின்றதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"தொழில்காரருக்கு நேரமில்லை, நாலு வரி போதும்"

நேரமில்லை என்பது உண்மை. நேரமில்லாதவருக்கு நாலு வரி போதும் என்று அதிலிருந்து முடிவு கட்டுவதுதான் தவறு. அவருக்கு வேண்டியது வேலைக்கு ஆகிற எழுத்து. எரிந்த மோட்டாரைக் கடை வாசலில் வைத்துக்கொண்டு ஒரு விவசாயி நிற்கிறார். 'தரமான மோட்டார், நிறைவான பாசனம்' என்ற ஒரு வரியை வைத்து ரீவைண்டிங் கடைக்காரர் அவருக்கு என்ன பதில் சொல்ல முடியும்? மோட்டார் ஏன் எரிகிறது என்று இரண்டு பக்கம் நிறைய ஒருமுறை எழுதினோம். வோல்டேஜ் குறையும்போது அதே லோடைத் தாங்க மோட்டார் அதிகக் கரண்டை இழுக்கிறது, காயில் சூடாகிறது என்று விளக்கினோம். மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டால் மீதி இரண்டின்மேல் சுமை ஏறுகிறது என்பதையும், எரிந்த காயிலைப் பார்த்தே இரண்டில் எது நடந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதையும் எழுதினோம். நாங்கள் அனுப்பியதிலேயே நீளமானது அதுதான். பல கடைகளில் இன்றும் சுவரில் ஒட்டி வைத்திருப்பதும் அதைத்தான்.

நறுக்கித் தள்ளிய எழுத்து உயிர்ச்சேதம் வரை போனதற்கும் சான்று இருக்கிறது. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் கிளம்பியபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியது. விண்கலம் மேலே இருக்கும்போதே பொறியாளர்கள் ஆய்வு செய்து, பவர்பாயிண்ட் பக்கங்களில் புள்ளி புள்ளியாக முடிவை வைத்தார்கள். அவர்கள் நம்பியிருந்த சோதனைகளில் பயன்பட்ட துண்டைவிட, மோதிய துண்டு சுமார் 640 மடங்கு பெரியது. எல்லாவற்றையும் மாற்றியிருக்க வேண்டிய அந்த விவரம் பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில் கிடந்தது. 'குறிப்பிடத்தக்க' என்று பொருள்படும் தெளிவற்ற சொல் அந்த ஒரே பக்கத்தில் ஐந்து முறை வந்திருந்தது. பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த விசாரணைக் குழு அறிக்கை, தொழில்நுட்ப அறிக்கை இருக்க வேண்டிய இடத்தில் இத்தகைய பக்கங்களை வைக்கும் வழக்கத்தை வெளிப்படையாகக் கண்டித்தது. எழுத்து மட்டும்தான் அந்த விபத்துக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆபத்தைச் சொல்ல வேண்டிய எழுத்தே அதை மறைத்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

அடுத்த ஆண்டு, 2004இல், அமேசானின் ஜெஃப் பெசோஸ் தன் உயர்மட்டக் கூட்டங்களில் பவர்பாயிண்டை நிறுத்தினார். ஆறு பக்கத்துக்கு மிகாமல், முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பை எல்லோரும் கூட்டத்தின் தொடக்கத்தில் அமைதியாகப் படித்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று வைத்தார். நேரமில்லாதவர்கள் அவர்களைவிட யார் இருக்கிறார்கள்? சுருக்கம் நல்லதுதான். வீண் சொல்லை வெட்டலாம், காரணத்தை வெட்டக்கூடாது.

"எழுத எழுதக் கை பழகும்"

பாதி உண்மை இது. ரீவைண்டிங் கடையில் புதிதாகச் சேர்ந்த பையனை எண்ணிப் பாருங்கள். நூறு மோட்டாருக்குக் காயில் சுற்றினால் கை பழகும். ஆனால் ஒவ்வொன்றையும் மேஸ்திரி மெக்கர் வைத்துப் பார்த்து, "இங்கே இன்சுலேஷன் போயிருக்கு, பிரிச்சுச் சுத்து" என்று சொல்ல வேண்டும். சோதிக்க ஆள் இல்லாமல் சுற்றினால் தப்பாகச் சுற்றுவதில்தான் வேகம் வரும்.

தினமும் ஒன்று வெளியிட வேண்டும் என்ற விதி முதலில் பறிப்பது சோதிக்கும் நேரத்தைத்தான். பஃபெட்டின் கடிதங்களை 1977 முதல் பத்திரிகையாளர் கரோல் லூமிஸ் செப்பனிட்டுத் தந்தார். உலகமே அறிந்த முதலீட்டாளருக்கும் வருடத்துக்கு ஒரு கடிதம் எழுத இன்னொருவரின் கண் தேவைப்பட்டிருக்கிறது. பெசோஸும் 2018இல் வெளிவந்த பங்குதாரர் கடிதத்தில் இதைத்தான் விளக்கினார். நல்ல குறிப்பு ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும் என்று நினைப்பதுதான் தவறு. எழுதி, திருத்தி, சக ஊழியர்களிடம் காட்டி, இரண்டு நாள் ஆறப்போட்டு, புதுக் கண்ணோடு மறுபடி திருத்த ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும் என்பது அவர் கருத்து.

"மொழி தெரிந்தால் போதும், விஷயம் எங்கும் கிடைக்கும்"

இந்த நம்பிக்கையில் நானே விழுந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிணறு ஆழமாக இருந்தால் அதிகக் குதிரைசக்தி உள்ள மோனோபிளாக் பம்பை மேலே வைத்து இறைக்கலாம் என்று எழுதிவிட்டேன். எங்கோ படித்ததை நல்ல தமிழில் மாற்றியிருந்தேன். இரண்டு நாளில் உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக் போன் செய்தார்.

"ஏனுங்க தம்பி, மோட்டார் பெருசானா காத்தோட கனமும் பெருசாயிருமுங்களா?"

அந்த ஒரு கேள்வியில் முழுப் பாடமும் இருந்தது. உறிஞ்சும் பக்கத்தில் தண்ணீரை மேலே தள்ளுவது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் அதன் எல்லை கணக்குப்படி 10.3 மீட்டர். குழாய் உராய்வு போன்றவை போக, நடைமுறையில் ஏழு மீட்டரை ஒட்டித்தான் நம்பலாம். எவ்வளவு பெரிய மோட்டாரை மாட்டினாலும் அந்த எல்லை நகராது. அதற்குமேல் ஆழம் என்றால் பம்பைக் கீழே இறக்க வேண்டும், அல்லது தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருந்து மேலே தள்ளும் சப்மெர்சிபிள் போட வேண்டும். என் நடை சரளமாக இருந்ததால்தான் அந்தப் பிழை யார் கண்ணிலும் படாமல் அச்சுக்குப் போனது. அடுத்த மடலின் முதல் பத்தியில் திருத்தத்தைப் போட்டேன்.

விளம்பர உலகின் டேவிட் ஓகில்வி 1958இல் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு விளம்பரம் எழுதும்முன், அந்தக் காரைப் பற்றிய ஆவணங்களை மூன்று வாரம் படித்தார். மணிக்கு அறுபது மைல் வேகத்திலும் காருக்குள் பெரிதாகக் கேட்பது மின் கடிகாரத்தின் சத்தம்தான் என்பதே தலைப்பு. அந்தச் செய்தி அவர் கற்பனையில் பிறக்கவில்லை. காரை ஓட்டிப் பார்த்த ஒரு பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியர் குறித்து வைத்த விவரம் அது. ஓகில்வியின் பங்கு, தேடிப் படித்ததும், கண்டதும் அதன் மதிப்பை உணர்ந்ததும்தான்.

"இனி இயந்திரமே எழுதித் தரும்"

எண்ணிக்கையைக் கூட்டச் சொல்பவர்களின் புதிய காரணம் இது. என் கண்ணுக்கு அவர்கள் வாதத்தை முடித்துவைப்பதே இதுதான். யார் வேண்டுமானாலும் ஒரு மணி நேரத்தில் நூறு கட்டுரை எடுக்கலாம் என்றான பிறகு, நூறு கட்டுரை வைத்திருப்பதில் என்ன பெருமை? பம்ப் பராமரிப்பு பற்றிப் பொதுவாகச் சொல்லத்தக்க எல்லாவற்றையும் இயந்திரம் சொல்லிவிடும். போன வாரம் தாராபுரத்தில் ஒரு கிணற்றில் எது பழுதானது, அதை அந்த மெக்கானிக் எப்படிச் சரிசெய்தார் என்பது அவரைக் கேட்டவருக்கு மட்டும்தான் தெரியும். இனி எழுத்தாளரின் சரக்கு அதுதான்.

அப்படியானால் தினமும் செய்வது என்ன?

என் மேசையில் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. தினமும் மூன்று பேருக்காவது போன் செய்கிறேன், அல்லது சர்வீஸ் பிரிவுக்கு வந்த அழைப்புகளைக் கேட்கிறேன். கேள்வியை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுகிறேன். மாதக் கடைசியில் அறுபது எழுபது சேர்ந்துவிடும். அவற்றில் திரும்பத் திரும்ப வருவது எட்டோ பத்தோ இருக்கும். அதில் ஒன்றை எடுத்து முழுமையாக எழுதி, முதலில் பொறியாளரிடமும் பிறகு ஒரு மெக்கானிக்கிடமும் வாசித்துக் காட்டுகிறேன். மெக்கானிக் எந்த இடத்தில் "என்னங்க?" என்று கேட்கிறாரோ அந்த இடத்தை மாற்றி எழுதுகிறேன். இந்த முறையில் எழுத விஷயம் இல்லை என்ற மாதம் எனக்கு வந்ததில்லை.

தன் சகோதரிகள் டோரிஸுக்கும் பெர்ட்டிக்கும் எழுதுவதாக நினைத்துக்கொண்டுதான் கடிதம் எழுதியதாக பஃபெட் சொல்லியிருக்கிறார். நான் உடுமலைக்காரருக்கு எழுதுகிறேன். அவர் முன்னால் தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதக் கை வருவதில்லை.

இன்றைக்கு நோட்டில் கடைசியாக இருக்கும் வரி: "ஃபுட் வால்வு புதுசு, அப்பவும் தண்ணி இறங்கீருது. பல்லடம்." பைப் மூட்டில் காற்று நுழைகிறதா, குழாயின் அடியில் உள்ள அந்த வால்வில் மணல் சிக்கியிருக்கிறதா என்பது எனக்கு இன்னும் தெரியாது. அதனால் இன்று அதைப் பற்றி ஒரு வரியும் வெளியிடப் போவதில்லை. நாளைக் காலை மெக்கானிக் குழாயைக் கழற்றுகிறார். கழற்றும்போது கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.