அலைன்மென்ட் சீட்டை நம்பாதீர்கள்

கோபமாகவே எழுதுகிறேன். சென்டர் மீடியனில் காரை இடித்துவிட்டு, "அலைன்மென்ட் பண்ணியாச்சு சார், இன்னும் ஸ்டியரிங் நடுங்குது" என்கிறீர்கள். நடுங்கத்தான் செய்யும்! அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒருபுறமாகத் தேயும். நடுக்கம் வேறு கதை. கடைக்காரர் கம்ப்யூட்டர் சீட்டை நீட்டியதும் வாயை மூடிக்கொள்கிறீர்கள். அந்தச் சீட்டு சக்கரத்தின் கோணத்தைச் சொல்லும். ரிம் வளைந்ததைச் சொல்லாது.

முதலில் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள், உள்பக்கமும்தான். கொப்புளம் போல் வீங்கியிருந்தால் உள்ளே இழை அறுந்துவிட்டது. பஞ்சர் ஒட்டால் சரியாகாது. அதோடு பெரம்பலூரில் திருச்சி–சென்னை நாற்கரச் சாலையில் ஏறி நூறில் போகிறீர்களே, அரியலூர் சாலையில் சிமென்ட் லாரியை முந்துகிறீர்களே, பின்சீட்டில் பிள்ளைகள் இல்லையா?

வீக்கம் இல்லையா? ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். ரிம் விளிம்பு ஆடினால் கண்ணுக்கே தெரியும். ஆடும் ரிம்மில் பேலன்சிங் வெயிட் ஒட்டுவது வெறும் பணம் பிடுங்கல். சந்தேகமென்றால் முன் சக்கரங்களைப் பின்னால் மாற்றி, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் ஸ்டியரிங்கை விட்டுச் சீட்டுக்கு வந்தால் குற்றம் சக்கரத்தில். மாறவே இல்லையென்றால் டை ராடு, லோயர் ஆர்ம், ஹப் பேரிங் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அலைன்மென்ட் அதற்கப்புறம்தான்.

வீங்கிய டயரை ஸ்டெப்னியாகவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.