கியர் பழுதானால் சைக்கிளை விற்கத்தான் வேண்டுமா?



எரிபொருளுக்குத் தடை இருந்த 1990களில் வன்னியில் நெல்மூட்டை, விறகு, தண்ணீர்க் கலன், நோயாளி எல்லாம் சைக்கிளில்தான் போயின. 2008இன் கடைசியிலும் 2009இன் தொடக்கத்திலும் பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் இடம்பெயர்ந்தபோது, எங்கள் சனம் வீட்டுச் சாமான்களைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு போனது. கடைசியில் அந்தச் சைக்கிளையும் முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வந்தவர்கள் பலர்.

அந்தக் காலத்துச் சைக்கிள்களில் பெரும்பாலும் கியர் இருக்கவில்லை. இப்போது கியர் சைக்கிள்களும் ஊருக்குள் வந்துவிட்டன. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், கிடைத்த சைக்கிளை வாங்கியவர்களும் உண்டு. ஓடும் மட்டும் நல்லது. கியர் பழுதானால்தான் தலையிடி.

பரந்தன் பக்கத்தில் ஓர் அக்கா இருக்கிறார். 2009இல் காணாமல் போன கணவரை இன்னமும் தேடுகிறார். இரண்டு பிள்ளைகள். கிளிநொச்சியில் ஒரு கடையில் வேலை. போக 5 கிலோமீற்றர், வர 5 கிலோமீற்றர். சங்கத்துக் கடனில் வாங்கிய கியர் சைக்கிளில்தான் போய்வந்தார். ஒரு நாள் கியர்க் கம்பி அறுந்துவிட்டது.

"அண்டையில இருந்து கல்லை மிதிக்கிற மாதிரிக் கிடக்கு தங்கச்சி. பேசாம வித்துப்போட்டு பஸ்ஸில போகப்போறன்" என்றார்.

"வித்தாலும் கடன் நிக்கும் அக்கா. முதல்ல என்ன பழுதெண்டு பாப்பம்" என்றேன்.

ஏன் மிதிக்கப் பாரமாகிறது? பின்சில்லில் சிறிதும் பெரிதுமாக 6 அல்லது 7 பல்லுச் சக்கரங்கள் இருக்கும். கம்பி இழுத்தால்தான் செயின் பெரிய சக்கரத்துக்கு ஏறும். கம்பி அறுந்ததும் அதிலுள்ள ஸ்பிரிங் செயினை ஆகச் சிறிய சக்கரத்துக்குத் தள்ளிவிடும். முன்னுக்கு 38 பல்லும் பின்னுக்கு 14 பல்லும் என்றால், பெடல் ஒருமுறை சுற்ற பின்சில்லு 2.7 தடவை சுற்ற வேண்டும். அதுதான் காலில் விழும் பாரம். பின்னுக்கு 18 பல்லு என்றால் 2.1 தடவைதான்.

கம்பி மட்டும் அறுந்திருந்தால் புதுக்கம்பி போட்டால் போதும். அக்காவின் சைக்கிளில் கியர் மாற்றும் கையும் வளைந்து, பல்லுகளும் தேய்ந்து போயிருந்தன. வளைந்த கை சில்லுக் கம்பிகளுக்குள் போனால் ஆளையே விழுத்திவிடும். முழுச் செற்றும் மாற்ற அவரிடம் காசில்லை. எனவே சைக்கிள் கடையில் அதை ஒற்றைப் பல்லுச் சைக்கிளாக மாற்றச் சொன்னார்.

நீங்களும் மாற்ற நினைத்தால் இவற்றைக் கவனியுங்கள்.

முதலில், பின்சில்லின் அச்சு பொருந்தும் வெட்டைப் பாருங்கள். அது நீளவாக்கில் இருந்தால் சில்லைப் பின்னுக்கு இழுத்துச் செயினை இறுக்கலாம். மேல்கீழாக இருந்தால் இழுக்க முடியாது; செயினை இறுக்கிப் பிடிக்கத் தனியாக ஒரு சிறு சக்கரம் பூட்ட வேண்டும்.

இரண்டாவது, விலை குறைந்த கியர் சைக்கிள்கள் பலவற்றில் பின்பல்லுத் தொகுதி திருகிப் பூட்டப்பட்டிருக்கும். அதைக் கழற்றினால் அதே மரையில் சாதாரண ஒற்றைப் பிறீவீல் ஏறும். முன்னும் பின்னும் பல்லுகள் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பின்னால் நின்று பாருங்கள். கோணலாக நின்றால் செயின் கழரும்.

மூன்றாவது, கியர் செயின் ஒடுக்கமானது. தடித்த பல்லுள்ள ஒற்றைப் பிறீவீலில் அது இருக்காது. அகலச் செயின் வாங்க வேண்டும். அது முன்பக்கத்து மெல்லிய பல்லிலும் ஓடும். செயினைப் பூட்டும் கிளிப்பின் திறந்த வாய், செயின் ஓடும் திசைக்கு எதிர்ப்புறம் இருக்க வேண்டும். பூட்டியபின் நடுவில் விரலால் அசைத்தால் ஒரு சென்ரிமீற்றர் அளவு ஆட வேண்டும்.

நான்காவது, சில சைக்கிள்களில் கியர்ப்பிடியும் பிறேக்பிடியும் ஒன்றாக இருக்கும். கியரைக் கழற்றும்போது பிறேக்கையும் கழற்ற விடாதீர்கள். ஏறி ஓட முன் இரண்டு பிறேக்கும் பிடிக்கின்றனவா என்று பாருங்கள்.

எல்லோரும் மாற்றத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கியர் மலையேறுவதற்கு உதவுவது. பிரான்சின் பெரிய சைக்கிள் போட்டியிலேயே 1937இல்தான் செயின் மாற்றும் கியரை அனுமதித்தார்கள். எங்கள் பக்கம் மலையில்லை. ஆனால் சோளகக் காற்று இருக்கிறது. எதிர்க்காற்றில் தூரப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் முழங்கால் நோவுள்ளவருக்கும் கியர் உதவிதான். அவர்கள் முடிந்தால் அதைத் திருத்தி வைத்திருக்கட்டும். மாற்றுவதானால் பின்பல்லுக் கூடியதாகப் பார்த்து வாங்கட்டும்.

அக்கா 18 பல்லுப் போட்டார். வேகம் கொஞ்சம் குறைவு என்கிறார். கடன் தவணை தவறவில்லை. அதைவிட முக்கியமாக, கடைக்காரர் கழற்றிப் பூட்டியபோது அருகில் நின்று பார்த்ததால், இப்போது செயின் தளர்ந்தால் தானே இறுக்குகிறார். தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு பெண்கள் பெருந்தொகையாகச் சைக்கிள் ஓடப் பழகினார்கள். எங்களுக்கு ஓடத் தெரியும். திருத்தத்தான் இன்னும் பழக வேண்டும்.

உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இதைப் பேசிப் பாருங்கள். இரண்டு சாவி, ஒரு குறடு, செயின் கழற்றும் கருவி, ஒட்டுப்போடும் சாமான், காற்றடிக்கும் பம் ஆகியவற்றைச் சங்கப் பொதுவில் வாங்கி வைத்தால், ஒரு கிராமத்துக்கே பயன்படும். அடுத்த கூட்டத்துக்கு யாராவது ஒருவர் பழுதான சைக்கிளை உருட்டிக்கொண்டு வாருங்கள். அதிலேயே பழகத் தொடங்கலாம்.