ஓடும்வரை ஓடட்டுமா?

"வருமுன் காப்போம்" என்று நம் சங்கத்துப் பேச்சுப் போட்டிகளில் முழங்காதவர் உண்டா? நானும் முழங்கியிருக்கிறேன்; பரிசும் பெற்றிருக்கிறேன். ஆனால், எங்கள் குடும்பத்துக்குச் சோறு போடும் காரின் பானட்டை ஒரு நாளாவது திறந்து பார்த்தேனா? இல்லை. அந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து டாக்சி ஓட்டுபவர். தொண்ணூறு அடிச் சாலை ஓரத்தில் நிற்கும் அந்த வண்டிதான் எங்களுக்கு நிலமும் புலமும். சென்ற ஆண்டு கோடையில் ரேடியேட்டர் ரப்பர்க் குழாயில் மெல்லிய வெடிப்பு ஒன்று கண்டது. நாள்தோறும் காலையில் ஒரு குவளைக் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு அப்பா புறப்படுவார். "குழாயை மாற்றிவிடலாமே" என்றேன். "ஓடுத வண்டியத் தொடாதல, தொட்டா செலவுதான்" என்றார். நானும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஓர் இரவு மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்குச் சவாரி. வழியில் வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே என்று அப்பா ஓட்டினார். எஞ்சினின் தலைப்பகுதி வெப்பத்தில் வளைந்துவிட்டது. 400 ரூபாய்க் குழாயை மாற்றாததற்கு நாங்கள் கொடுத்த விலை 24,000 ரூபாய். வண்டி நின்றது 17 நாள். வட்டிக்கு வாங்கினோம். தங்கையின் கல்லூரிக் கட்டணம் அந்தத் தவணைக்குக் கட்டப்படவில்லை. "எல்லாம் நேரம்" என்றார் அப்பா. நேரமா? பல வாரங்களாக வண்டி சொட்டுச் சொட்டாகச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேளாதிருந்தது யார் குற்றம்?

அந்தப் பருவத் தேர்வில்தான், நீரில் ஒரு பொருள் கரையும்போது அதன் கொதிநிலை ஏன் உயர்கிறது என்ற வினாவுக்கு நான் முழு மதிப்பெண் பெற்றேன். ரேடியேட்டரில் ஊற்ற வேண்டிய கூலன்ட் அந்தத் தத்துவத்தையே நம்பியது. அது கொதிநிலையை உயர்த்துகிறது. உள்ளே துருப்பிடிக்காமலும் காக்கிறது. வெறும் குழாய்த் தண்ணீரோ உப்பையும் துருவையும் படியவைக்கிறது. விடைத்தாளில் எழுதத் தெரிந்த எனக்கு வீட்டில் சொல்லத் தெரியவில்லை. இப்படிப்பட்ட கல்வியால் யாருக்கு என்ன பயன்?

அப்பாவை மட்டும் குறை கூறுவதும் நீதியன்று. அவர் தொழில் பழகியது பத்மினி டாக்சியில். குர்லாவின் பிரீமியர் ஆலையில் பிறந்த அந்த வண்டியின் உறுப்புகள் எளியவை. நடுவழியில் நின்றாலும், சாலையோர மெக்கானிக் ஒரு ஸ்பேனரும் ஒரு கம்பித்துண்டும் கொண்டு ஓடவைத்துவிடுவார். நின்றபின் பார்த்துக்கொள்ளலாம் என்ற வழக்கம் அவ்வண்டிக்குப் பொருந்தியது. 2023 அக்டோபரில் கடைசிப் பத்மினி டாக்சியும் மும்பைச் சாலையிலிருந்து விடைபெற்றது. இன்று ஓடுபவை மின்னணுக் கருவிகள் ஆளும் வண்டிகள். அவை நின்றுவிட்டால் சாலையோரத்தில் செய்யக்கூடியது கொஞ்சமே. வண்டி மாறிவிட்டது, வழக்கம் மட்டும் மாறவில்லை.

"பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுகிறவனுக்கு இதற்கெல்லாம் பொழுது ஏது? வண்டியை ஒரு நாள் பட்டறையில் விட்டால் அன்றைய வருமானம் யார் தருவார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் பத்து நிமிடம் போதும். எஞ்சின் ஆயில் அளவு, கூலன்ட் அளவு, டயரின் காற்று, வண்டியடியில் ஏதேனும் சொட்டியிருக்கிறதா என்பது, இவ்வளவே. சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் திறக்கலாகாது. மூடியின் அழுத்தம் விலகியதும் கொதிநீர் முகத்தில் பாயும்.

மற்றவற்றுக்கு நாள் குறித்துக்கொள்ளலாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரமேறியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். அப்போது குமிழ் எழுந்து பிரேக் மிதி தளர்ந்துவிடும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நலம். டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது சட்டம். சி.என்.ஜி. சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பதும் சட்டமே. பாட்டரி முனையில் பூத்த வெள்ளைத் தூளைத் துடைப்பதற்கோ பணமே வேண்டாம்.

மழைக்காலத்துக்கு ஒரு சொல். 2005 சூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை இந்நகரம் மறக்கவில்லை. அவ்வளவு பெய்ய வேண்டியதில்லை. ஒரு நாள் கனமழைக்கே கிங்ஸ் சர்க்கிள் குளமாகிறது. தேங்கிய நீரில் எஞ்சின் நின்றுபோனால் மீண்டும் சாவியைத் திருப்பாதீர்கள். காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. உள்ளே நீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இறங்கித் தள்ளுவது மானக்கேடு அன்று.

நண்பர்களே! நம்மில் டாக்சி, ஆட்டோ, டெம்போ ஓட்டுவோர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது நமக்கே தெரியும். ஆண்டு விழாவுக்கு மேடை கட்டத் தெரிந்த நம் சங்கம், மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தாராவிக்குத் தரலாகாதா? காற்றழுத்தமானி ஒன்று, பாட்டரி சோதிக்கும் மீட்டர் ஒன்று, கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர், நம்மில் பத்துப் பேர். மழை தொடங்குமுன் ஐம்பது வண்டிகளைப் பார்த்துவிடலாம். அவற்றுள் ஒரு வண்டியின் வெடித்த குழாயைக் கண்டு சொன்னால் போதும். ஒரு தங்கையின் கட்டணம் தவணை தவறாது.

எங்கள் வண்டியின் பானட்டை இப்போது ஞாயிறுதோறும் நான்தான் திறக்கிறேன். அப்பா அருகில் நின்று டார்ச் பிடிக்கிறார். செலவு என்று இப்போது அவர் சொல்வதில்லை.