கடனும் கவலையும்

மாந்தர்க்குற்ற கவலைகளுள் பொருட்கவலையைப்போல் ஓசையின்றி உள்ளத்தே உறைவது பிறிதொன்றில்லை. நோயுற்றோன் தன் நோயை அயலார்க்குரைத்து ஆறுதல் பெறுகின்றான். உற்றாரை இழந்தோனைத் தேடி ஊரார் வருகின்றனர். கடன்பட்டோனோ தன் துன்பத்தை மனைவி மக்களும் அறியாவண்ணம் மறைத்து, பகலில் நகைமுகங் காட்டி, இரவில் உறக்கமின்றிப் புரள்கின்றான். இக்கவலையை ஆற்றும் வழி யாது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுவது. கடனினுங் கொடியது கடனை மறைத்தல். மறைத்ததை வெளியே சொல்லுதலும், சொல்லுவோர்க்குச் செவிகொடுத்தலுமே மருந்து. இதுவே நம் கருத்து.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரஞ் செல்ல வேண்டுவதில்லை. 2019-ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்து, இப்பொழுது தென்காசி மாவட்டத்தின்கண் அமைந்துள்ள சங்கரன்கோவில், ஆடித் தபசுக்குப் பெயர்பெற்றதுபோலவே நெசவுக்கும் பெயர்பெற்றது. முன்னர்க் கைத்தறியாலும் பின்னர் விசைத்தறியாலும் பிழைக்குங் குடும்பங்கள் இங்குப் பல. அவருட் பலர் பாவும் ஊடையும் பிறரிடம் வாங்கி, நெய்து கொடுத்துக் கூலி பெறுவோரே. நூல்விலை ஏறினும், சரக்குத் தேங்கினும், மின்சாரந் தடைப்படினும் தறி நிற்கும்; தறி நின்றாற் கூலியும் நிற்கும். ஆனால் மளிகைக்கடைக் கணக்கும், வீட்டு வாடகையும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் அங்ஙனம் நிற்பனவல்ல. கைம்முதல் இல்லாத வீடு அந்நாளிற் கடனையன்றி எதனை நாடும்? "வரவுக்குத் தக்கபடி செலவு செய்க" என்று இவர்க்குப் புத்தி கூறுவோர் உளர். வரவே ஒரு நிலையில் நில்லாதபோது, எதற்குத் தக்கபடி செலவிடுவது? சிக்கனம் நற்குணமே; எனினும் கடன்பட்டோர் யாவரையும் ஊதாரிகள் என்று எண்ணுதல் அநியாயம்.

இனி, மறைவாக வாங்குங் கடனே விலைமிக்க கடன் என்பதைக் கணக்கால் காண்போம். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி என்பது ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 120 ஆகும். ரூ. 10,000 வாங்கினோன் மாதந்தோறும் ரூ. 1,000 வட்டி கட்டினால், பத்து மாதத்தில் முதலுக்கு ஒப்பான தொகையைக் கட்டி முடித்தும், முதல் அணுவளவும் குறையாது நிற்கக் காண்பான். தண்டற் கடனோ இன்னும் தந்திரமுடையது. ரூ. 10,000 என்று எழுதி, ரூ. 8,500 கையிற் கொடுத்து, நாளொன்றுக்கு ரூ. 100 வீதம் நூறு நாள் தண்டுவர். ரூ. 1,500 தானே என்று வாங்குவோன் நினைக்கின்றான். நாடோறும் கடன் குறைந்துகொண்டே வருவதால், அவன் கையில் உண்மையாக நின்ற தொகை சராசரியில் அதிற் பாதியே. அவ்வாறு கணக்கிடின், இதுவும் ஆண்டுக்கு நூற்றுக்கு 120-க்கு மேற்பட்ட வட்டியேயாம். இதனைக் கணக்குத் தெரிந்த மகனிடமோ நண்பனிடமோ ஒருமுறை காட்டியிருந்தால் அவன் வாங்கியிருப்பானா? வெட்கம் அவன் வாயை அடைத்தது; ஒன்றுங் கேளாமற் கொடுப்பவனிடமே அவனைக் கொண்டு சேர்த்தது.

கவலை மிக்கோன் கணக்கில் தவறுவதை அறியாமை என்று இகழ்தலும் தகாது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு உழவரைக்கொண்டு ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலிய அறிஞர் நால்வர் ஓர் ஆராய்ச்சி நடத்தி, 2013-ஆம் ஆண்டு வெளியிட்டனர். அறுவடைக்குமுன், பணமுடை மிக்க காலத்தில், அறிவுத்தேர்விற் பின்தங்கிய அதே உழவர், அறுவடை முடிந்து பணங் கண்டபின் மேம்பட விடையளித்தனர். ஆள் ஒருவரே, அறிவும் ஒன்றே. இடையில் அவ்வறிவைப் பற்றியிருந்தது கவலை. ஆகவே, தனித்திருந்து கவலைப்படுவோன் தனக்கு வேண்டிய புத்தி தன்னிடம் குறைந்திருக்கும் நேரத்திலேயே பெரிய முடிவுகளைச் செய்கின்றான். அவனுக்குப் பிறர் துணை அவசியமாவது இதனாலேயே.

ஆயினும், சொல்லுதல் மட்டும் போதுமோ? 2017-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் நிகழ்ந்ததை நம் நாட்டார் மறத்தலரிது. கந்துவட்டியால் நலிந்த கூலித்தொழிலாளி ஒருவர், பன்முறை மனுக்கொடுத்தும் பயன் காணாது, மனைவியோடும் இரு குழந்தைகளோடும் உயிரிழந்தார். அவர் மறைத்தவரல்லர், முறையிட்டவர். கேட்பார் இல்லாதவிடத்துச் சொல்லும் சொல்லாமையும் ஒன்றாகவே முடிந்தன. கடன்பட்டோர்க்கு வாய் திறக்கச் சொல்லும் நாம், நம் செவிகளைத் திறந்து வைத்துள்ளோமா என்று முதற்கண் வினவிக்கொள்ளல் வேண்டும்.

சட்டம் இல்லாமையால் இக்கொடுமை நிகழவில்லை. 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச்சட்டம் நாள்வட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றை விலக்கி, மூன்றாண்டு வரை சிறையும் ரூ. 30,000 வரை அபராதமும் விதிக்கின்றது. முறையான வட்டியோடு கடன்தொகையை நியாயஸ்தலத்திலேயே கட்டிவிடவும் கடனாளிக்கு அது வழிசெய்கின்றது. இதனை அறிந்தோர் எத்துணைப் பேர்? கற்ற இளைஞர் ஒருவர் தம் தெருவில் இதனை எடுத்துரைப்பாராயின், அதுவே ஒரு தருமமாகும்.

கடனைக் கூட்டத்தின் நடுவே கொண்டுவந்து அதன் கொடுமையைத் தணிக்கலாம் என்பது புதிய கருத்தன்று. ஜெர்மனி தேசத்தில் ரெய்பைசன் என்பார் நிறுவிய கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்து பிரெடரிக் நிக்கல்சன் சென்னை அரசாங்கத்துக்கு 1895-லும் 1897-லும் அறிக்கை தந்தார்; 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. ஒருவரையொருவர் அறிந்தோர் கூடி, இன்னார்க்கு இன்ன காரியத்துக்காக இவ்வளவு என்று வெளிப்படப் பேசிக் கொடுப்பதே அச்சங்கங்களின் உயிர்நிலை. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களும் அவ்வழியினவே. ஆனால் குழு என்ற பெயரால் வாரந்தோறும் வாசலில் நின்று நெருக்குவோரும் இன்று உளர். பெயரை நோக்காது வட்டியையும் தவணையையும் நோக்குதல் நன்று.

வீட்டிற் செய்யத்தக்கது எளியதே. யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்நாள் தவணை என்று எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுக. எழுதப்படாத கடன் மலைபோல் தோன்றும். எழுதியபின் அது ஓர் எண்ணாகிவிடும். அத்தாளை இல்லத்தார் நடுவே வைத்துப் பேசுக. வட்டி மிகுந்ததை முதலில் தீர்க்க வழி தேடுக. கூட்டுறவு வங்கியில் நகையீட்டின்மேற் குறைந்த வட்டிக்குப் பெற்றுக் கந்துவட்டியை அடைத்தலும் ஒரு வழி. மகனின் படிப்புக்கென்று தண்டலுக்கு ஓடுமுன், ரூ. 4 லட்சம் வரை சொத்து ஈடின்றி வங்கிகள் கல்விக்கடன் வழங்குவதை நினைவிற் கொள்க.

மாணாக்கரே, உங்கட்கும் ஒரு சொல். பெற்றோர் தம் கடனை உங்களிடம் மறைப்பது அன்பினாலேயே. எனினும் பதினெட்டு வயது நிரம்பியவர்க்கு அவ்வறியாமை பெருமையன்று. அடுத்த விடுமுறையில் தந்தையாரின் அருகமர்ந்து, குற்றங் கூறாது, கணக்கைக் கேளுங்கள். கட்டணங் கட்ட இயலாமையால் வகுப்புக்கு வாராதிருக்கும் தோழன் இருப்பின், அவனைத் தேடிச் செல்லுங்கள். வாழ்வையே வெறுக்குமளவு மனஞ் சோர்ந்தவர்க்கு, 2022-இல் அரசாங்கம் ஏற்படுத்திய 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் இலவசமாய்ச் செவிகொடுப்போர் உளர் என்பதைத் தெரிவியுங்கள்.

கல்லூரிகளுக்கும் கடமையுண்டு. கட்டணம் செலுத்தாதோர் பெயரைப் பலர்முன் படித்தல் எங்கிருப்பினும் ஒழிய வேண்டும். தவணை வேண்டுவோர் தனியே வந்து கேட்க ஓரிடமும், கேட்பார்க்கு இன்சொல் கூறும் ஓர் ஆசிரியரும் இருத்தல் வேண்டும். பழைய மாணவர்கள் ஆளுக்குச் சிறு தொகை அளித்து, வட்டியில்லாக் கைம்மாற்று நிதியொன்றை நிறுவுவாராயின், ஒரு தவணை தவறியதால் ஒரு படிப்பே தவறிப்போகும் அவலம் நீங்கும். தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்தி, அவ்விழையைத் தேடி முடிகின்றான். அறுந்ததை மறைத்து மேலே நெய்வதில்லை. பொருட்கவலையுற்ற நம் உடன்பிறந்தார் திறத்தும் நாம் செய்யத்தக்கது அதுவேயாம்.